கன்னி ஆடு: பெயரும் பாலும் பொலிகிடாவும்

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் மொழியை அறிய விரும்புவோர், அவ்வட்டாரத்து மக்கள் எவ்வெப் பொருள்களுக்கு நுணுக்கமாகப் பெயரிட்டுள்ளனர் என்பதை முதலில் காணவேண்டும். வாழ்வுக்கு எது இன்றியமையாததோ அதற்கே மக்கள் பல பெயர்களை இட்டு வழங்குவர். கடலை நம்பி வாழ்பவர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கின்றனர். உடன்குடிப் பனைத்தொழிலாளர் பனையின் ஒவ்வோர் உறுப்பையும் ஒவ்வொரு பெயரால் சுட்டுவர். அவ்வாறே நெல்லைச் சீமையின் ஆட்டுக்காரர் ஆட்டின் நிறம், முகக்கோடு, வயது, ஈற்று ஆகிய அனைத்துக்கும் சொல் வைத்துள்ளனர்.

அச்சொற்களுள் ஒன்று 'கன்னி'. அது நம் வட்டாரத்துக்கே உரிய வெள்ளாட்டு இனம் ஒன்றின் பெயர். அவ்வினத்தின் பெயரையும் அடையாளத்தையும் பாலையும் ஆராய்வதும், அது இன்று எந்த நிலையில் உள்ளது, அந்நிலையில் நமக்குள்ள பங்கு யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆட்டைப் பற்றிய செய்தி தமிழ்த்துறை மலரில் ஏன் என மாணவர் சிலர் வினவக்கூடும். சொல் நிலைக்க வேண்டுமாயின் அச்சொல் சுட்டும் பொருளும் நிலைக்க வேண்டும் என்பதே நம் விடை.

நிலமும் ஆடும்

1986ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிந்து உருவானது தூத்துக்குடி மாவட்டம். அதன் தென்பகுதியில் உடன்குடி அமைந்துள்ளது. பொருநையின் நீர்வளம் திருவைகுண்டம், ஆத்தூர் வரை வயலும் வாழையும் வெற்றிலைக்கொடியுமாய்ப் பொலிய, அதற்குத் தெற்கே செம்மணல் தேரி தொடங்கிவிடுகிறது. பனையும் உடைமரமும் முந்திரியுமே தேரியின் செல்வங்கள். ஆற்றுக்கு வடக்கே ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி எனக் கரிசல் பூமி விரிகிறது. பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நோக்கி நிற்கும் மானாவாரி நிலம் அது.

இவ்விரு நிலங்களிலும் பசுவைப் பேணுதல் எளிதன்று. பசுவுக்கு வைக்கோலும் தண்ணீரும் நிறைய வேண்டும். வெள்ளாடோ தரையிற் புல் இல்லாவிடினும் மரத்தை அண்ணாந்து பார்க்கும். பின்னங்கால்களில் நின்று உடை இலையைக் கடிக்கும். உதிர்ந்த உடைநெற்றையும் கருவேல நெற்றையும் பொறுக்கித் தின்னும். ஆட்டுக்காரர் தொரட்டியால் வளைத்துத் தரும் வேப்பங்குழையைத் தின்றே கோடையைக் கடத்திவிடும். இந்நிலத்தில் வெள்ளாட்டை 'ஏழையின் பசு' என்று வழங்குவது மிகையன்று.

அது தொடாத இலையும் உண்டு. 'ஆடு தொடா இலை' என்பதே ஆடாதோடை என வழங்குகிறது என்பர். ஆடுதின்னாப்பாளை என்னும் மூலிகையின் பெயரும் இவ்வகையினதே. ஆட்டின் நாவைக் கொண்டே செடிக்குப் பெயரிட்ட சமுதாயம் நம்முடையது.

பெயரும் அடையாளமும்

தென் மாவட்டங்களுக்கு உரிய வெள்ளாட்டு இனங்களாகக் கன்னி ஆடு, கொடி ஆடு என இரண்டைக் கூறுவர். இரண்டும் அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தின் பதிவு பெற்றவை. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசற் பகுதிகளே கன்னி ஆட்டின் தாயகமாகும்.

கன்னி ஆடு உயரமானது. நீண்ட கால்களை உடையது. வெகுதொலைவு நடந்து மேயவல்லது. உடல் கருமை நிறம். முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்கு நோக்கி ஒவ்வொரு கோடு இறங்கும். காதிலும் அடிவயிற்றிலும் கால்களின் உட்புறத்திலும் அதே நிறம் காணப்படும். கோடு வெண்மையாயின் 'பால் கன்னி' என்றும், செம்மையாயின் 'செங்கன்னி' என்றும் பெயர். முகக்கோடு பற்றி 'வரையாடு' என்று அழைப்பதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு விலங்காகிய வரையாடு வேறு. அங்கே வரை என்பது மலை, இங்கே வரை என்பது கோடு. ஒரே ஒலி இருபொருள் தருவதற்கு மாணவர் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கொடி ஆடு, பெயருக்கேற்பக் கொடிபோல் நீண்டு மெலிந்த உடலினது. வெள்ளை நிறத்தில் கருமை சிதறியது போன்று இருப்பின் 'கரும்போரை'. செம்மை சிதறியிருப்பின் 'செம்போரை'.

கன்னி என்னும் சொல்லுக்கு இளமை, அழியாமை ஆகிய பொருள்கள் தமிழில் உண்டு. எப்பொருள் பற்றி இவ்வாட்டுக்கு அப்பெயர் அமைந்ததாயினும், இன்று அழியாமை என்னும் பொருளை அதற்கு ஆக்கித்தர வேண்டியவர் நாமே.

பழந்தமிழில் ஆட்டுப் பெயர்கள்

ஆட்டுக்குப் பல பெயரிடும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வரையறுத்துக் கூறுகிறது. அங்கே ஆட்டின் இளமைக்கு 'மறி' என்பது பெயர். ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்கள். பெண்ணுக்கு மூடு, கடமை என இரண்டு. புறநானூற்றில் 'வெள்யாடு' என்னும் சொல்லும், ஆட்டுக்கிடாயைக் குறிக்கும் 'செச்சை' என்னும் சொல்லும் காணப்படுகின்றன. கலித்தொகையின் முல்லைக்கலி ஆயரைப் பசு வளர்ப்போர், எருமை வளர்ப்போர், ஆடு வளர்ப்போர் என வகுத்து, ஆடு வளர்ப்போரைப் 'புல்லினத்தாயர்' என்று குறிக்கிறது.

இச்சொற்களுள் பல வழக்கொழிந்தன. 'மறி' மட்டும் செம்மறி என்னும் கூட்டுச்சொல்லுள் ஒளிந்து உயிர் வாழ்கிறது. அவற்றினிடத்தில் வட்டார வழக்குகள் புதிய சொற்களை ஆக்கிக்கொண்டன. கிடா, பெட்டை, சினையாடு, தலையீற்று ஆடு, இனவிருத்திக்கென்று விடப்படும் பொலிகிடா, விதை நீக்கிய காயடித்த கிடா, குட்டிகளைக் கவிழ்த்து மூடும் கொடாப்பு, ஆடுகளை இரவில் வயலில் மறித்து வைக்கும் கிடை ஆகியன அவற்றுட் சில. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் 'கிடை' என்றே பெயரிட்டார். கரிசல் வட்டார வழக்குகளுக்கென அகராதி ஒன்றையும் அவர் தொகுத்தளித்தார். அகராதியில் ஏறிய சொல் அழியாது என நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் அகராதியில் மட்டும் உள்ள சொல்லுக்கும் மோத்தை, உதள் ஆகியவற்றுக்கும் வேறுபாடு இல்லை.

இஸ்லாமியத் தமிழில் பால் தரும் ஆடு

கரிசல் நிலத்து எட்டயபுரம் பாரதியாரின் பிறப்பிடம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியிருக்கும் ஊரும் அதுவே. அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ் நிலத்தின் கண்களால் கண்டு பாடியவர் அவர். அவருடைய காப்பியத்தில் ஆடும் ஆட்டுப்பாலும் இடம்பெறும் நிகழ்ச்சிகள் நம் பொருளுக்கு நெருங்கியவை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் குழந்தைப் பருவத்தில் பாலூட்டி வளர்த்த செவிலித்தாய் ஹலீமா அம்மையாரின் இல்லத்தில், வறட்சிக் காலத்திலும் ஆடுகள் மடிநிறைந்து திரும்பின என்பது வரலாற்று நூலோர் கூறும் செய்தி. நபியவர்கள் மக்கா நகரத்தாரின் ஆடுகளை மேய்த்ததும், ஆடு மேய்க்காத நபி எவரும் இலர் என அவர்கள் கூறியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன.

ஹிஜ்றத்துப் பயணத்தின்போது பாலைவனத்தில் உம்மு மஃபது என்னும் பெண்மணியின் கூடாரத்தில் நிகழ்ந்ததும் யாவரும் அறிந்ததே. மந்தையோடு செல்ல இயலாத நலிந்த ஆடு ஒன்று அங்கு நின்றது. நபியவர்கள் அதன் மடியைத் தடவ, பால் சுரந்து பாத்திரம் நிறைந்தது. ஆட்டுக்குரியவளுக்கு முதலிலும், உடன் வந்தோர்க்கு அடுத்தும் பால் அளித்து, தாம் இறுதியிற் பருகினார்கள் என்பர். சீறாப்புராணத்தின் ஹிஜ்றத்துக் காண்டத்தில் இந்நிகழ்ச்சி பாடப்பெற்றுள்ளது.

இவற்றினும் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டியது மற்றொன்று. பசியோடு தம் இல்லம் வந்த நபியவர்களையும் அபூபக்கர், உமர் (ரலி) ஆகியோரையும் கண்டு மகிழ்ந்த அன்சாரித் தோழர் ஒருவர், விருந்து படைக்கக் கத்தியை எடுத்தார். அப்போது நபியவர்கள், பால் தரும் ஆட்டை அறுத்துவிடவேண்டாம் என்று அவரைத் தடுத்தார்கள். இது முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி. விருந்தினரின் பசி பெரிது. ஆயினும் அவ்வில்லத்தின் நாளைய பால் அதனினும் பெரிது. இன்றைய தேவைக்காக நாளைய ஊற்றை அடைத்துவிடலாகாது என்னும் இவ்வறிவுரையே இக்கட்டுரையின் மையமாகும்.

கன்னி ஆடு பால் ஆடா?

கால்நடை நூல்கள் கன்னி ஆட்டை இறைச்சி இனம் என்றே வகைப்படுத்துகின்றன. கறவைக்கென்று வளர்க்கப்படும் பிற இனங்களோடு ஒப்பிட்டால் அதன் மடி சிறிதே. எனினும் இவ்வகைப்பாடு முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை.

உடன்குடியில் எம் உம்மம்மாவின் வீட்டு முற்றத்தில் செங்கன்னி ஒன்று எப்போதும் நின்றது. காலையில் குட்டிகளைக் கொடாப்பினின்று விடுவதற்கு முன் உம்மம்மா ஒரு காம்பில் மட்டும் கறப்பார். மற்றக் காம்பு குட்டிகளுக்கு. கறந்தது ஓர் ஆழாக்குத் தேறினால் பெரிது. அதைக் காய்ச்சிச் சுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் சேர்த்து வீட்டில் நோயாளி, முதியவர், நோன்பு நோற்றவர் என்னும் வரிசையில் பகிர்வார். ஈன்ற மூன்று நாள்களுக்குச் சீம்பாலில் கைவைக்க மாட்டார். "குட்டியோட ஹக்கு" என்பார். உரிமை என்னும் பொருள்தரும் அரபுச் சொல்லை ஆட்டுக்குட்டிக்கும் உரித்தாக்கிய அவ்வழக்கினை வேறெந்த நூலிலும் நாம் கற்றதில்லை.

உம்மம்மா செய்ததன் அறிவியல் பொருத்தத்தைப் பின்னாளில் அறிந்தோம். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுதல் இயல்பு. பிறந்த குட்டிக்கு நோய் எதிர்க்கும் ஆற்றல் சீம்பாலின் வழியே வருகிறது. அதனை முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடவேண்டும் என்று கால்நடை மருத்துவர் வலியுறுத்துவர். அதன்பின் ஏறத்தாழ மூன்று திங்கள் இரு குட்டிகளையும் தாயின் மடியே வளர்க்கிறது. அம்மடி சுரக்கும் பாலில் பெரும்பகுதி செம்பில் விழுவதில்லை. விழாததால் கணக்கிலும் வருவதில்லை. இதனை அளக்க ஆய்வாளர் ஒருமுறை கையாள்வர். குட்டியைப் பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடையிட்டு, வேறுபாட்டைப் பால் அளவாகக் கொள்வர். வறண்ட காட்டில் மேய்ந்து, அடர்தீவனம் காணாமல், இரு குட்டிகளைக் கொழுக்கச் செய்யும் ஆட்டைப் பால் இல்லாத ஆடு என்பது பொருந்துமா?

ஆகவே, 'ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?' என்னும் கேள்வி கன்னி ஆட்டுக்கு உரிய கேள்வியன்று. 'இந்நிலத்தில், இச்செலவில், எத்தனை உயிர்களை வளர்க்கிறது?' என்பதே உரிய கேள்வி.

ஆட்டுப்பாலின் இயல்பு குறித்தும் சில கூறவேண்டும். அதன் கொழுப்புத் துளிகள் பசும்பாலில் உள்ளவற்றினும் சிறியவை. பசும்பாலுக்கு மஞ்சட் சாயலைத் தரும் கரோட்டினை ஆடு உயிர்ச்சத்து ஏ-யாக மாற்றிவிடுவதால் ஆட்டுப்பால் தூவெண்மையாகத் தோன்றுகிறது. சித்த மருத்துவமும் வெள்ளாட்டுப் பாலைத் தனித்துப் போற்றுகிறது. பசு, எருமைப் பாலை விலக்கி நோன்பு பூண்ட காந்தியடிகள், 1919ஆம் ஆண்டில் நோயுற்றிருந்தபோது கஸ்தூரிபாய் அம்மையாரின் வேண்டுகோளுக்கிணங்கி ஆட்டுப்பால் அருந்தத் தொடங்கியதும் அறிந்த வரலாறு. ஆயினும் புகழ்ச்சி மிகையாகிவிடக்கூடாது. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் குறைவு. ஆகவே ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதனைக் கொடுத்தல் தகாது. பசும்பால் ஒவ்வாமை உடையோர் பலருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. புருசெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பாலின் வழியே பரவக்கூடும் என்பதால் காய்ச்சாத பாலை எவரும் அருந்தலாகாது. உம்மம்மா காய்ச்சாமல் தந்ததே இல்லை.

பிற பால் இனங்களும் கலப்பும்

பாலுக்கெனப் பெயர்பெற்ற வெள்ளாடுகள் பல. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்துச் சம்பல் பள்ளத்தாக்கு ஜமுனாபாரியின் தாயகம். நீண்டு தொங்கும் காதும் கிளிமூக்கும் அதன் அடையாளம். நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் பால் தரவல்லது. அவ்வினக் கிடாக்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று அந்நாட்டு ஆடுகளோடு கலந்தமையே ஆங்கிலோ நூபியன் இனம் உருவாக ஒரு காரணமாயிற்று. சுவிட்சர்லாந்தின் சானன் ஆடோ அதனினும் மிகுதியாகக் கறக்கும். நமக்கு அண்மையில் உள்ளது மலபார்க் கரையின் தலைச்சேரி ஆடு. அரபு வணிகர் கொண்டுவந்த ஆடுகளும் உள்நாட்டு ஆடுகளும் கலந்து தோன்றிய இனம் என அதனைச் சொல்வர். பாலும் இறைச்சியும் ஒருங்கே தருவதால் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகப் பண்ணைகளில் அது பரவியுள்ளது.

இவ்வினங்களை நாம் குறை கூறவில்லை. கொட்டிலில் பரண் அமைத்து, பசுந்தீவனம் வளர்த்து, அடர்தீவனம் இட்டு வளர்ப்போர்க்குத் தலைச்சேரி ஏற்றது. ஆனால் தேரியிலும் கரிசலிலும் நாள் முழுதும் நடந்து மேயும் கன்னி மந்தையுள் பிற இனக் கிடாயை விடுவது வேறு செயல். முதல் தலைமுறைக் குட்டிகள் பருத்துத் தோன்றும், விலையும் கூடும். அதன்பின் நெட்டைக்கால், வறட்சி தாங்கும் உடல், தவறாத இரட்டை ஈற்று என நிலத்தோடு பொருந்திய பண்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். ஜமுனாபாரிக்கே அதன் தாயகத்தில் தூய மந்தை அரிதாகிவிட்டது என்பது நமக்கு எச்சரிக்கையாக அமையவேண்டும்.

ஈண்டு ஓர் உண்மையை நோக்கவேண்டும். தமிழகத்தில் ஆடுகள் குறையவில்லை. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 81 லட்சமாக இருந்த வெள்ளாடுகள், 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 99 லட்சமாகப் பெருகின. 2011ஆம் ஆண்டில் தொடங்கி ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகளை விலையின்றி வழங்கிய அரசுத் திட்டமும் இக்காலத்தில் நடைபெற்றது. எண்ணிக்கை பெருகும்போதே இனம் கரையக்கூடும். அது கண்ணுக்குப் புலப்படாத இழப்பு. ஆதலின் பெரிய இழப்பு.

சந்தையில் கேட்ட கேள்வி

வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு மாணவர் சிலருடன் எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குச் சென்றிருந்தோம். சனிக்கிழமைதோறும் கூடும் அச்சந்தை தென்மாவட்டங்களிற் பெயர்பெற்றது. அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. விடியுமுன்னே வண்டிகள் நிறைந்துவிட்டன. மாணவர் சொற்களை எழுதிக்கொண்டிருக்க, நாம் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"அண்ணாச்சி, கன்னி ஆட்டுக்குப் பால் குறைவு என்கிறார்களே?"

"எவன் சொன்னான், வாத்தியாரய்யா? ரெண்டு குட்டியையும் தூக்கி எடை போட்டுப் பாருங்க. பால் அங்கனதான் நிக்கிது."

நூலோர் எடையிட்டுக் கண்டதை அவர் ஒரே தொடரில் சொல்லிவிட்டார். அவர் அருகில் நின்ற குட்டிகளை நோக்கினோம். கருப்பும் வெள்ளையும் கலந்திருந்தன, காதுகள் தொங்கின. கன்னியின் முகக்கோடு இல்லை. "இவை கன்னிக் குட்டிகள் இல்லையே?" என்றோம்.

"தாய் கன்னிதான். பொலிகிடா ஒண்ணு வச்சிருந்தேன். நல்ல கோடு, நல்ல உசரம். போன பெருநாளைக்கு வெலை கூடக் கிடைச்சுது, குடுத்துட்டேன். பெறகு ஊர்ல கன்னிக் கிடா இல்ல. சந்தைல வாங்குன ஜமுனாபாரிக் கிடாவ விட்டேன். இப்பம் கோடு போச்சு." சற்று நிறுத்தி, எம் தொப்பியைப் பார்த்துச் சிரித்தவாறே, "நல்ல கிடாவெல்லாம் நீங்கதான வாங்கிட்டுப் போறீக, பாய்?" என்றார்.

அவர் குற்றம் சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எமக்கு மறுமொழி எழவில்லை. முந்திய ஆண்டு மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் மந்தைக்கு முன்னின்ற கிடாயைப் பேரம் பேசி வாங்கி வந்ததும், அதன் முகக்கோட்டைக் குழந்தைகள் தடவி மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தன. அக்கிடாய் ஓர் ஊரின் கடைசிப் பொலிகிடாயாக இருந்திருக்கக்கூடும் என்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

இஃது ஒரு சமயத்தாரின் செயலால் மட்டும் நிகழ்வதன்று. அம்மன் கோவில் கொடைக்கும் தீபாவளிக்கும் இதே சந்தைகளில் இதே கிடாக்கள் விலையாகின்றன. நேர்ச்சையாயினும் குர்பானியாயினும் விருந்தாயினும் உயரமும் பொலிவும் உள்ளதையே யாவரும் தேடுவர். சிறந்ததை இறைவனுக்கு அளிக்கவேண்டும் என்னும் எண்ணம் உயர்ந்ததே. ஆனால் கணக்கு இவ்வாறு அமைகிறது: ஒரு பொலிகிடா 20 முதல் 25 பெட்டைகளுக்குப் போதும். மந்தையில் பிறக்கும் ஒவ்வொரு குட்டியின் பாதி மரபும் அதனுடையது. சிறந்த கிடா ஆண்டுதோறும் முதலில் விலையாகி, எஞ்சியதே இனம் பெருக்குமாயின், இனத்தின் சிறப்பும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும்.

செய்யத்தக்கவை

பால் தரும் ஆட்டைத் தவிர்க்கச் சொன்ன நபிமொழியின் உட்பொருளை நம் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். குர்பானி ஆட்டுக்குரிய தகுதிகள் குறித்த வயது நிரம்பியிருத்தலும் ஊனமின்மையுமே. விதை நீக்கிய கிடாயைக் குர்பானி கொடுத்தல் ஆகுமானது என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் பொதுக்கருத்து. ஆதலின் ஆட்டுக்காரர் இளமையிலேயே தம் மந்தையின் தலைசிறந்த குட்டியைப் பொலிகிடாவாக ஒதுக்கி, ஏனையவற்றைக் காயடித்து வளர்த்து விற்கலாம். வாங்குவோரும் பொலிகிடாவைக் கேளாமல் அத்தகைய கிடாக்களையே நாடலாம். இதனால் வணக்கத்துக்கும் குறைவில்லை, இனத்துக்கும் அழிவில்லை.

ஊர்ப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். ஜமாஅத்து பல நற்பணிகளுக்கு நிதி திரட்டுகிறது. ஆடு வளர்க்கும் ஏழைப் பெண்களுக்கு உதவும்போது, அவ்வூர்ப் பட்டிகளுக்குப் பொதுவாகத் தூய கன்னிக் கிடாய் ஒன்றையும் வாங்கி விடலாம். அண்ணன் தங்கை உறவில் இனம் சேராதிருக்க, ஈராண்டுக்கு ஒருமுறை அடுத்த ஊர்க் கிடாயோடு மாற்றிக்கொண்டால் போதும். கிடாயைப் பேணுவோர் எச்சமயத்தாராயினும் தடையில்லை. ஆட்டுக்கு ஊர்தான் உண்டு.

நோய்த்தடுப்பும் இன்றியமையாதது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில், விழுப்புரத்தை அடுத்த அரசூரில்தான். அந்நோய்க்கு இன்று நல்ல தடுப்பூசி உண்டு. பட்டியையே காலியாக்கவல்ல நோயை ஒரே ஊசி தடுக்கிறது. 2012ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபின் நம் வட்டாரத்தார் அறிவுரை பெறத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை.

மாணவர் ஆற்றவேண்டிய பணியும் உண்டு. தத்தம் ஊரில் ஆடு வளர்ப்போரை அணுகி, நிறத்துக்கும் கோட்டுக்கும் காதுக்கும் பல்லுக்கும் ஈற்றுக்கும் நோய்க்கும் மேய்ச்சற் செடிக்கும் அவர்கள் வழங்கும் சொற்களைக் கேட்டெழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், அச்சொல்லைப் பயன்படுத்தி அவர் பேசிய ஒரு தொடரையும் எழுதுங்கள். அச்சொல்லுக்குரிய ஆடு அவர் பட்டியில் இன்று இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். அக்குறிப்பே நாளை நம் வட்டாரத்தின் சொல்லகராதியாகவும் கால்நடைப் பதிவாகவும் ஒருங்கே பயன்படும்.

முடிவுரை

கன்னி ஆட்டின் பெயர், நிறம், கோடு, பால் ஆகியவற்றை இதுவரை கண்டோம். லிட்டர்க் கணக்கில் அது பின்தங்கியதாயினும் நிலத்தோடு பொருந்தி, இரு குட்டிகளை வளர்த்து, எஞ்சிய ஆழாக்குப் பாலை ஏழைவீட்டு நோயாளிக்கும் தந்த தாயினம் அது என்பதையும் அறிந்தோம். எண்ணிக்கை பெருகும் காலத்திலேயே அது தன் அடையாளத்தை இழந்துவருவதையும், அவ்விழப்பில் வாங்குவோராகிய நமக்கும் பங்குண்டு என்பதையும் உணர்ந்தோம்.

அம்முதியவரிடம் விடைபெறும்போது, "அடுத்த வருசம் கன்னிக் கிடா கிடைத்தால் விடுவீர்களா, அண்ணாச்சி?" என்று கேட்டோம். "நீங்க வாங்காம விட்டீகன்னா நான் விடுவேன்" என்றார். அந்த ஆண்டு முதல் எம் இல்லத்தில் காயடித்த கிடாயையே தேடி வாங்குகிறோம். சிறிய செயல்தான். ஒவ்வொரு வீட்டாரும் அச்சிறு செயலை மேற்கொண்டால், கன்னி என்னும் சொல் மோத்தை, உதள் ஆகிய சொற்களின் வரிசையில் சேராமல் பட்டியிலும் பேச்சிலும் வாழும். இறைவன் அதற்கு அருள்புரிவானாக.